பிள்ளைகள் ஓட்ட ஒரு பழைய கார்: கோத்தகிரியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்குப் பத்தொன்பது, மகனுக்குப் பதினெட்டு முடிந்த வருஷம், 2011 மாடல் ஆல்டோ கே10 ஒன்றை 1,45,000 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று மாதம் வாசலில் நிறுத்தி, கொஞ்சம் நாங்களும் கொஞ்சம் மெக்கானிக்கும் சரிசெய்த பிறகே பிள்ளைகள் கையில் சாவி போனது. அன்றிலிருந்து தேயிலை எடை போடும் இடத்திலும் கல்யாண வீட்டிலும் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கூட்டர் வாங்கித் தந்தால் போதாதா?

வெயில் காலத்துக்குப் போதும். ஜூன் முதல் டிசம்பர் வரை இங்கே மழை எப்போது நிற்கிறது? அதோடு பொழுது சாயும்போது தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ரோட்டுக்கு வந்து நிற்கும். அதற்கு முன்னால் ஸ்கூட்டரில் போய் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாலு பக்கமும் தகடு இருக்கிறது என்ற ஒன்றுக்காகவே கார்.

பையனுக்குப் பதினேழுதான். எஸ்டேட் ரோட்டில் மட்டும் ஓட்டினால் என்ன?

வேண்டாம். காருக்குப் பதினெட்டு நிறைந்தால்தான் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கூடக் கிடைக்கும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வயது நிறையாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவரோ வண்டிக்காரரோதான் குற்றவாளி. 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. “நான் பத்து வயசிலயே டிராக்டர் ஓட்டினேன்” என்று ஒரு மாமா எல்லா ஊரிலும் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

காத்திருக்கும் வருஷத்தில் வண்டியை வாங்கிச் சரிசெய்யலாம், பிள்ளையும் கூட இருந்து பார்க்கலாம். ஸ்பேனர் பிடிக்க வயது வரம்பு இல்லை.

மலைக்குப் பெரிய எஞ்சின் வேண்டாமா?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் கடைசியில் யோசித்த விஷயம் இது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குச் சக்தியும் அந்த அளவு குறையும். கே10-இன் 998 சிசி எஞ்சின் கீழே 68 குதிரைத்திறன் தந்தால் ஊட்டியில் 54, 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் ஏற அது தாராளம். பழைய 800 சிசி ஆல்டோவும் ஏறும், கொஞ்சம் அழும்.

புதிதாக ஓட்டுகிறவன் கையில் இழுவை குறைந்த வண்டி இருப்பது நல்லது என்பது என் கட்சி. வளைவுக்கு முன்னால் முந்தலாமா என்ற ஆசையே அவனுக்கு வராது. ஒன்று மட்டும் பாருங்கள்: கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 வேண்டாம். உயரத்தில் பெட்ரோல் அதிகமாகி, காற்று குறைந்து, கறுப்புப் புகை விடும். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளித்து விடும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டரே அளவைச் சரிசெய்துகொள்ளும்.

உங்கள் வண்டியில் ஏர்பேக் இருக்கிறதா?

இல்லை. இதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான். 2014-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டுச் சின்னக் கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் சுழி நட்சத்திரம். ஏர்பேக் வைத்துச் சோதித்த போலோவுக்கு நான்கு. பழைய வண்டியில் புதிதாக ஏர்பேக் வைத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். சென்சார், சீட் பெல்ட், உடற்கூடு எல்லாம் சேர்ந்து வடிவமைத்த ஏற்பாடு அது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ்.ஸும் அப்படித்தான்.

இப்போது வாங்குவதானால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான வண்டியாகத் தேடுவேன். அதற்குப் பிறகு வந்த எல்லாக் காரிலும் ஓட்டுநர் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயம். விலை கூடத்தான் செய்யும். கையில் இருந்த காசுக்கு எங்களுக்கு 2011 வண்டிதான் கிடைத்தது. அதனால் சீட் பெல்ட்டில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. நாலையும் முழுசாக இழுத்துப் பார்த்து, சட்டென்று இழுத்தால் பூட்டிக்கொள்கிறதா என்று சோதித்து, தேய்ந்திருந்த ஓட்டுநர் பெல்ட்டைப் புதிதாக மாற்றினோம். பின் சீட்டில் இருப்பவரும் மாட்டினால்தான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது வீட்டு விதி. பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

மலையில் ஓடிய வண்டியை வாங்கக் கூடாது என்கிறார்களே?

கோயம்புத்தூர்க்காரர் அப்படிச் சொல்வார். கிளட்ச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், அடித்தகடு துருப்பிடித்திருக்கும் என்பது அவர் கணக்கு. உண்மைதான். ஆனால் கிளட்ச்சையும் பிரேக்கையும் எப்படியும் மாற்றப் போகிறோம். துருதான் தீராத வியாதி. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள், கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். கதவுக்குக் கீழே உள்ள பட்டையில் விரலால் அழுத்தினால் மொறுமொறு என்றால் வண்டியை விட்டுவிடுங்கள். புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள், பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது.

அதைவிடப் பயப்பட வேண்டியது வெள்ளத்தில் நின்ற வண்டி. சென்னையில் 2015 டிசம்பரில் மூழ்கிய கார்கள் எத்தனையோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சேற்றுக்கோடு தெரிந்தால், சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளம் துருப்பிடித்திருந்தால், ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தால், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். நாங்கள் பார்த்த முதல் வண்டியின் பானட், நாங்கள் போகும் முன்பே சுட்டது. முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள்.

முதலில் எதற்குச் செலவு செய்தீர்கள்?

பிரேக்குக்கு. இரண்டாவது பார்வைக்கு, அதாவது கண்ணாடி, வைப்பர், விளக்கு. மூன்றாவது டயரும் ஸ்டியரிங் சம்பந்தப்பட்டதும். எஞ்சினுக்கு ஆயில், ஃபில்டர், பிளக் மட்டும். பெயின்ட்டுக்கு ஒரு பைசா கூட இல்லை.

பிரேக் விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்கிய இரண்டாவது வாரம், ஒரு வொர்க்‌ஷாப்பில் “பிரேக் செக் பண்ணியாச்சு” என்று சொல்லித் தந்த மறுநாள், மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினேன். மகன் பக்கத்தில். அரவேனு தாண்டி மூன்றாவது கியரிலேயே போய்க்கொண்டிருந்தேன், கால் பிரேக்கின் மேல். குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ கருகும் வாசனை. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மெத்தை மாதிரி உள்ளே போகிறது.

“என்னப்பா ஆச்சு?”

“பேசாம கெட்டியா பிடிச்சுக்கோ.”

இரண்டாவது கியருக்குக் குறைத்து, பெடலைப் பம்ப் அடித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப் பக்கத்து ஓடையை ஒட்டி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியானது. அதுதான் இதில் ஏமாற்று. மறுபடி வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், “நல்லாத்தானே சார் இருக்கு” என்பார்கள்.

நடந்தது இது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்ததோ 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும், குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். ஈரத்துக்குப் பேர்போன நம் ஊரில் அந்த ஆயிலை எத்தனை வருஷமாக மாற்றவில்லையோ தெரியாது, டப்பாவில் டீ நிறத்தில் இருந்தது.

எவ்வளவு சூடு என்று கேட்டால், மகள் இயற்பியல் படிக்கிறவள், கணக்குப் போட்டுக் காட்டினாள். ஆளோடு சேர்த்து 1,100 கிலோ வண்டி கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. அந்தச் சக்தி நாலரை யூனிட் கரண்ட்டுக்குச் சமம். நம் வீட்டு 25 லிட்டர் கீசரை இரண்டு தடவை கொதிக்க வைக்கலாம். அத்தனையும் எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. மூன்றிலோ நியூட்ரலிலோ இறங்கினால் முன்சக்கரத்தில் இருக்கும் உள்ளங்கை அளவு பிரேக் பேட் நாலும்தான் வாங்க வேண்டும். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்கு என்று பஸ் டிரைவர்கள் சொல்வது இதைத்தான். எனக்கும் தெரியும். அன்று ஏன் செய்யவில்லை என்பதற்குப் பதில் இல்லை.

அதற்கப்புறம் முன்பக்க டிஸ்க், பேட், பின்பக்க ஷூ, கசிந்துகொண்டிருந்த வீல் சிலிண்டர் இரண்டும், ஹேண்ட் பிரேக் கேபிள், எல்லாம் புதிது. ஆயிலை முழுசாக வெளியேற்றி டாட் 4 ஊற்றினோம். அதன் கொதிநிலை இன்னும் மேலே, 230 டிகிரி. டப்பாவில் மட்டும் உறிஞ்சி எடுத்து ஊற்றினால் மாற்றியதாக ஆகாது. நாலு சக்கரத்திலும் பிளீடிங் (குழாயிலுள்ள பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுவது) செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். தேதியைப் பானட்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

டயர் பார்க்க நன்றாக இருந்தால் போதுமா?

போதாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. எங்கள் வண்டியில் ஆழமான பட்டன் (டயரின் வரிப்பள்ளம்) இருந்த டயர்தான் அதிக வயதானது, ரப்பர் கல்லாகியிருந்தது. ஈர ரோட்டில் அது சோப்புக் கட்டி. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தால் ஓட்டலாம், நம் மழைக்கு அது பத்தாது. நாலையும் ஒரே கம்பெனியில் மாற்றினோம். அளவு 155/65 ஆர்13, அதையே போடுங்கள். அகல டயர் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், முழுசாகத் திருப்பும்போது ஃபெண்டரில் உரசும்.

மேட்டில் நிறுத்தி எடுக்கப் பிள்ளைகள் திணறுகிறார்கள். கிளட்ச் கோளாறா?

பாதி கிளட்ச், பாதி கால். தேய்ந்த கிளட்ச்சில் பழகினால் எங்கே பிடிக்கிறது என்றே தெரியாது. அதனால் கிளட்ச் செட்டை மாற்றிய பிறகே பழகவிட்டோம். அப்புறம் சர்ச் மேட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வண்டி நடமாட்டம் இல்லாத நேரம், ஒரே பாடம்: ஹேண்ட் பிரேக்கை இழு, முதல் கியர் போடு, கிளட்ச்சை விட்டு முன்பக்கம் லேசாகத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விடு. முதல் நாள் மகன் பதினேழு தடவை அணைத்தான். மகள் எண்ணினாள்.

மேட்டில் நிறுத்தினால் கியரிலேயே விட்டு, சக்கரத்தை ஓரமாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்குக் கல் வைப்பது நம் பழக்கம், தவறில்லை. ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்களே, இரவில் பைக்கில் வருகிறவன் என்ன ஆவான்? எங்கள் டிக்கியில் கயிறு கட்டிய இரண்டு மரக்கட்டைகள் இருக்கின்றன. தச்சு வேலை மிச்சத்தில் அறுத்தது.

பனிமூட்டத்துக்கு என்ன செய்தீர்கள்?

பெரிய விளக்கு எதுவும் மாட்டவில்லை. மஞ்சளாகி மங்கியிருந்த ஹெட்லைட் கூட்டைத் தண்ணீர் ஊற்றி நைசான உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டதிலேயே வெளிச்சம் பாதிக்கு மேல் திரும்ப வந்தது. அந்த வேலையைப் பிள்ளைகள்தான் செய்தார்கள், செலவு முந்நூறுக்குள். சக்தி கூடிய பல்பு வாங்கி மாட்டினால் பழைய ஒயரிங் உருகும், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும். பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், மெதுவான வேகம். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்ட வேண்டாம், எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிவதுதான் நிஜத் தொல்லை. ஏ.சி. வெயிலுக்கு மட்டும் என்று நினைத்து, “நமக்கு எதுக்கு ஏ.சி.” என்று கேஸ் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஏ.சி. காற்றிலுள்ள ஈரத்தை எடுக்கும். ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினால் ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். மலைக்காரனுக்குத்தான் ஏ.சி. அவசியம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஜனவரி உறைபனியில் வெளிக்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

பையன் அலாய் வீல், சன் ஃபிலிம், ஸ்பீக்கர் என்று நிற்கிறானே?

சன் ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை போட்டது என்று சொல்லித் தப்பித்தேன். அலாய் வீலுக்குச் சொந்தச் சம்பாத்தியம் வரட்டும். ஸ்பீக்கர் விஷயத்தில் தோற்றேன். சின்ன சத்தம்தான், வளைவில் ஹாரன் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

மொத்தம் எவ்வளவு ஆனது?

டயர் நாலும் 13,600. பிரேக் வேலை 7,200. கிளட்ச் கூலியோடு 8,500. முன்பக்க புஷ், பால் ஜாயின்ட் வகையறா 6,000. பேட்டரி 4,000. கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், தெர்மோஸ்டாட் 2,900. வைப்பர், பல்பு, சில்லறை 1,800. கூட்டினால் 44,000. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பேரம் பேசும்போதே இதை மனதில் கழித்துக்கொண்டு பேசுங்கள். கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது.

பேப்பர் வேலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்து. கடனில் வாங்கிய வண்டியானால் கடன் தீர்ந்ததைச் சொல்லும் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும். நம் மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் பதினாலு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தான், அதற்குப் பிறகு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து ஆயிரங்களில் ஏறிவிட்டது. பழைய வண்டியின் விலை குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டியாகக் கிடைத்தால் இன்னொரு வசதி: வெளியூர் வண்டிகள் மலைக்கு வர எடுக்க வேண்டிய, 2024 மே மாதம் வந்த இ-பாஸ் தொல்லை கிடையாது.

இன்சூரன்ஸில் பலருக்குத் தெரியாத ஒன்று. கட்டாயமாகச் சேர்க்கும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஓட்டினால் அவருக்கு மட்டும்தான். வண்டி என் பெயரில், ஓட்டுவது மகள் என்றால் அவளுக்கு அது கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்கான காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்த்தோம், சில நூறு ரூபாய்தான்.

சாவி கொடுத்த பிறகு ஏதாவது விதி?

எல்.எல்.ஆர். கிடைத்து முப்பது நாளில் லைசென்ஸுக்குப் போகலாம். நாங்கள் நாலு மாதம் இழுத்தோம், ஒரு மழைக்காலமாவது பக்கத்தில் ஒருவர் இருக்கும்போதே பார்க்கட்டும் என்று. லைசென்ஸ் வந்த பிறகு முதல் ஆறு மாதம் பொழுது இருட்டுவதற்குள் வீடு, சிநேகிதர் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. கட்டபெட்டு வழியாகக் குன்னூர், அரவேனு வரை, அவ்வளவுதான் எல்லை. குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. டூரிஸ்ட் வண்டிகளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பாதே என்பதையும் சேர்த்துச் சொன்னோம். காட்டெருமை நின்றால் ஹாரன் வேண்டாம், விளக்கைத் தாழ்த்தித் தள்ளி நில், அது போகிற நேரத்துக்குப் போகும்.

கொடைக்கானல் பக்கம் இருக்கிறோம், எங்களுக்கும் இதேதானா?

இதேதான். பத்தலக்குண்டிலிருந்து ஏறும் பாதையில் இறக்கம் இன்னும் நீளம், அதனால் பிரேக் ஆயில் பத்தியை இன்னொரு தடவை படியுங்கள்.

கல்லட்டி வழியாக மசினகுடி போக விடுவீர்களா?

ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டி அந்த வழியில் இறங்க அனுமதி இல்லை, நம் டி.என். 43-க்கு உண்டு. மகன் இதையே காரணமாகச் சொல்லி மாதம் ஒரு முறை கேட்கிறான். சோதனைச் சாவடியில் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள், ஓட்டுகிறவனின் அனுபவத்தைப் பார்க்க மாட்டார்கள். போன மாதம் அவனைக் கூட்டிப்போனேன். ஏறும்போது அவன் ஓட்டினான், இறங்கும்போது நான். முழு இறக்கமும் இரண்டாவது கியர், சில வளைவில் முதல் கியர். கீழே போய் நிறுத்தியதும் அவனே இறங்கி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சூடு பார்த்தான்.